நாலு விரல் அகலம்

எங்கள் மலையூரான கமிதானியில் ஹிசாயே அக்கா வீட்டு வாசல்வரைக்கும் கார் போகும். ஆனால் ஒரே ஒரு கார்தான் போகும். அது அவர்களுடைய பழைய கார். வேறு எந்தக் காரும் அந்தப் பாதையில் ஏறாது.

அந்தப் பாதை அந்தக் காருக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. அக்காவின் கணவர் மசுகிச்சி அண்ணன் மர வியாபாரத்தில் கொஞ்சம் தலையெடுத்த காலத்தில், அறுபத்து மூன்றாம் வருடம், ஹிரோஷிமாவில் யாரோ ஓட்டிக் கழித்த காரை வாங்கிக்கொண்டு வந்தார். முதுகு உருண்ட சின்னக் கார். பார்த்தால் பொறிவண்டு ஞாபகம் வரும். என்ஜின் பின்னால் இருக்கும். பெட்ரோலோடு எண்ணெயையும் கலந்து ஊற்ற வேண்டும். ஓடும்போது நீலப் புகை விடும். எங்கள் மலைக்கு அதுதான் முதல் கார். ஆற்றோரத் தார்ச்சாலையில் அதை நிறுத்திவிட்டு அண்ணன் அண்ணாந்து பார்த்தார். மேலே போவதோ மாடும் ஆளும் போகிற பாதை.

அப்போது ஊரில் பதினான்கு வீடு. வருடத்துக்கு ஒருமுறை எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வந்து பாதை செப்பனிடுவது எங்கள் வழக்கம். அந்த வருடம் ஆண்கள் ஒரு மூங்கிலை வெட்டி வந்தார்கள். அதைக் காருக்குக் குறுக்கே வைத்து, இந்தப் பக்கம் இரண்டு விரல், அந்தப் பக்கம் இரண்டு விரல் விட்டு அறுத்தார்கள். அந்தக் கழியைக் கிடையாகப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் மேலே நடந்தார்கள். கழி இடித்த இடத்திலெல்லாம் வரப்பை வெட்டினார்கள், கல்லைப் பெயர்த்தார்கள். கழி தாராளமாகப் போன இடத்தைத் தொடவில்லை. ஒரு விரல்கூடக் கூடுதலாக எடுக்கவில்லை. எடுக்கிற ஒவ்வொரு விரலும் யாரோ ஒருவர் வீட்டு நெல் அல்லவா. அப்படிக் கொடுத்ததற்கு ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. வேலை முடிந்ததும் மூங்கில் கழியை ஊர்க்கூட்ட வீட்டின் உத்தரத்தில் செருகி வைத்தார்கள்.

ஹிசாயே அக்கா பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து கல்யாணமாகி வந்தவள். ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றது. சண்டைக்காலம். பிறகு கரி சுடும் சூளையில் வேலை. பேச்சு குறைவு. யாரிடமும் எதையும் கேட்க மாட்டாள். எங்கள் கோயில் வழியில் அமிதா புத்தரிடம் அதைக் கொடு, இதைக் கொடு என்று வேண்டிக்கொள்வதில்லை. அவர் ஏற்கெனவே நம்மைப் பிடித்துக்கொண்டார், நாம் நாமம் சொல்லி நன்றி சொல்கிறோம், அவ்வளவுதான். அக்கா இதைப் புத்தரோடு நிறுத்தவில்லை. அக்கம்பக்கத்து மனிதரிடமும் அப்படியே இருந்தாள். உப்பு தீர்ந்தால் உப்பில்லாமல் சமைப்பாள்.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது ஐம்பது வயதில். மசுகிச்சி அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரத்துக்கு மூன்று நாள் டவுன் ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று சொன்ன வருடம் அது. இனிமேல் அண்ணன் ஓட்டக் கூடாது. மகன் ஷிகெரு ஹிரோஷிமாவில் தொழிற்சாலையில் வேலை. வேறு யார் ஓட்டுவது? எழுத்துத் தேர்வில் அக்கா திரும்பத் திரும்பத் தோற்றாள். கேள்வியிலிருக்கும் எழுத்தே அவளுக்குப் பாதி தெரியாது. கடைசியில் எப்படியோ தேறி வந்தாள். அன்றிலிருந்து திங்கள், புதன், வெள்ளி காலையில் எங்கள் வீட்டுக்கு முன்னால் அந்தப் பொறிவண்டு பட்பட்டென்று இறங்கிப்போகும். எங்கள் வீடு பாதையும் தார்ச்சாலையும் சேருகிற இடத்தில் இருக்கிறது. அக்கா ஒவ்வொரு வளைவிலும் நாமம் சொல்லிக்கொண்டே ஓட்டுவாள். பக்கத்தில் அண்ணன், "நாமத்தை அப்புறம் சொல்லலாம், முதல்ல கியரை மாத்து" என்பார்.

இப்படி ஏழு வருடம். போய் வருவதில் பாதி நாள் போய்விடும். வந்தபின் அண்ணன் பிழிந்துபோட்ட துணி மாதிரி கிடப்பார். அக்காவால் படுக்க முடியாது, வயல் இருக்கிறது. அண்ணனுக்குத் தண்ணீர் அளந்துதான் கொடுக்க வேண்டும். பழம் கூடாது. இலையுதிர் காலத்தில் எங்கள் மலை முழுக்கச் சீமைப்பனிச்சம்பழம் செக்கச்செவேலென்று தொங்கும். அவர் கார் கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டே போவார். ஒருநாள் என்னிடம், "பறிக்க ஆளில்லாத மரமும் தின்ன முடியாத நானும் நல்ல ஜோடி" என்றார்.

எண்பத்து நான்காம் வருட இலையுதிர் காலத்தில் காருக்கு அரசாங்கப் பரிசோதனை வந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை காட்டித் தேற வேண்டும். தேறாவிட்டால் சாலையில் ஓட்டக் கூடாது. டவுனில் கார்க்கடை வைத்திருக்கும் நிஷிமோட்டோதான் ஒவ்வொரு முறையும் பார்த்துக் கொடுப்பார். இந்த முறை காரைத் தூக்கி அடியில் விளக்கு அடித்துப் பார்த்தார். தரைத்தகடு முழுக்கத் துரு. அண்ணன் ஒருகாலத்தில் சோயா சாறு டின்னை வெட்டி ஒட்டுப் போட்டிருந்தார். அந்த டின்னும் துரு. "அக்கா, இது தகடு இல்ல, வறுத்த அப்பளம். இனி இதை நான் கொண்டுபோய் நிறுத்தினா என்னைத் துரத்துவாங்க" என்று சொல்லிவிட்டார். டிசம்பர் கடைசிவரைதான் அதற்குக் கெடு.

ஷிகெரு புதுக் கார் வாங்க உதவுவதாகத் தொலைபேசியில் சொன்னான். சொன்ன கையோடு இன்னொன்றும் சொன்னான். புதுக் கார் வீட்டு வாசலுக்கு ஏறாது, அப்பா நடக்க மாட்டார், பிறகு எதற்கு இந்தப் பாடு, அவரை ஆஸ்பத்திரியிலேயே சேர்த்துவிடலாம், புது வருடத்துக்கு வரும்போது பேசி முடித்துவிடலாம் என்றான். அவன் கெட்ட பிள்ளையில்லை. அம்மா ஓய்ந்துபோவதைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை.

அக்கா ரிசீவரை வைத்துவிட்டு அண்ணனிடம் அப்படியே சொன்னாள். அண்ணன் அன்றைக்குச் சிரிக்கவில்லை. "அங்க போய்ப் படுத்தா திரும்பி வரமாட்டேன் ஹிசாயே. உன்னால முடியலன்னா சொல்லு, போறேன். முடியும்னா இங்கயே இருக்கேன்" என்றார்.

"முடியும்" என்றாள் அக்கா. இதை அவளே என்னிடம் பின்னால் சொன்னாள். சொல்லும்போது, "முடியும்னு சொல்லிட்டேனே தவிர எப்படின்னு எனக்கே தெரியல" என்றாள். ஆக, அந்தக் குளிர்காலத்தில் அவளுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். புருஷனை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு வாசலுக்கு வரும் ஒரு கார் வேண்டும்.

அடுத்த வாரம் அவள் ஊர்க்கூட்ட வீட்டுக்குப் போய் உத்தரத்திலிருந்து அந்த மூங்கில் கழியை உருவினாள். அதைக் காரின் கூரைமேல் குறுக்காகக் கட்டிக்கொண்டு நிஷிமோட்டோ கடைக்குப் போனாள். அண்ணனை ஆஸ்பத்திரியில் விட்டிருந்த நேரம். நிஷிமோட்டோ ஒரு வெள்ளைக் காரைத் துடைத்து நிறுத்தியிருந்தார். கதவைத் திறந்து காட்டினார். உட்காருகிற இடம் மெத்தென்று இருந்தது. சூடேற்றி வேறு உண்டு. பழைய காரில் சூடு என்றால் பின்னாலிருந்து எண்ணெய் வாசனையோடு வருகிற வெதுவெதுப்புத்தான். அக்கா அதையெல்லாம் பார்க்கவில்லை. கழியை எடுத்துக் காரின் மூக்குக்கு முன்னால் குறுக்கே பிடித்தாள்.

கழியும் காரும் ஒரே அகலம். இரண்டு பக்கமும் ஒரு மயிரிழை மிச்சமில்லை.

நிஷிமோட்டோ சிரித்துவிட்டார். இத்தனை வருடக் கடையில் காரை மூங்கிலால் அளந்து வாங்க வந்த ஆளைப் பார்த்ததில்லை என்றார். அக்கா சிரிக்காததைப் பார்த்து அவரும் நிறுத்திக்கொண்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். எட்டு வருடத்துக்கு முன்னால் அரசாங்கம் சின்னக் காருக்கான அகலத்தை நாலு விரல் கூட்டிவிட்டது. எல்லாக் கம்பெனிக்காரர்களும் அந்த நாலு விரலை எடுத்துக்கொண்டார்கள். பழைய அளவில் இப்போது யாரும் செய்வதில்லை. பழசு எங்காவது கிடைத்தாலும் அதுவும் வறுத்த அப்பளம்தான்.

அக்கா கழியை மறுபடி கூரைமேல் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினாள். அங்கே காரை நிறுத்தி இறங்கியபோது நகரத்து ஆள் ஒருவர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கையில் கேமரா. பழைய கார் சேர்ப்பது அவருக்குப் பொழுதுபோக்காம். கதவுக்குக் கீல் பின்பக்கம் இருந்து, முன்பக்கம் திறப்பதைப் பார்த்து வாயைப் பிளந்தார். இப்படி ஒன்றை நாள்தோறும் ஓட்டுகிறீர்களே, கொடுத்துவைத்தவர் நீங்கள் என்றார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஜனவரியில ஒருதடவை எங்க மலைக்கு ஏத்திக் காட்டுங்க. அப்புறம் யார் கொடுத்துவச்சவங்கன்னு பேசலாம்" என்றாள்.

அந்தக் கதவு உண்மையில் அவளுக்கு ஒரு வரம்தான். அகலமாகத் திறக்கும். அண்ணனைத் திருப்பி, முதுகைக் காட்டி உட்காரவைத்து, காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைக்கலாம். ஆனால் அதை நகரத்து ஆளிடம் எதற்குச் சொல்வது?

பாதையில் இப்போது ஒரே ஒரு இடம்தான் இடைஞ்சல். மற்ற இடத்தில் வயல்களே பாழ். உழ ஆளில்லாமல் நாணல் முளைத்துக் கிடக்கிறது. பதினான்கு வீடு ஆறு வீடாகிவிட்டது. நாலு விரல் என்ன, நாலு முழம் எடுத்தாலும் கேட்க ஒருவருமில்லை. நடுப்பாதையில் தொகுஜிரோ பெரியவரின் வயலைத் தாங்கி நிற்கிற கல்லுக்கட்டுதான் மாட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் அந்தக் கல்லுக்கட்டு, மறுபக்கம் ஓடைப் பள்ளம்.

அந்தக் கல்லுக்கட்டுக்கு ஒரு கதை உண்டு. அறுபத்து மூன்றில் கழி இடித்ததால் அதன் அடிக்காலில் கொஞ்சம் செதுக்கினார்கள். பெரியவர் சரியென்றார். ஒன்பது வருடம் கழித்துப் பெருமழையில் செதுக்கிய இடத்திலிருந்து மொத்தமும் சரிந்தது. வயல் மண் ஓடைக்குப் போயிற்று. அதை அவரும் அவர் மனைவியும் இரண்டு குளிர்காலம் கல் கல்லாக எடுத்து மறுபடி கட்டினார்கள். மனைவி இப்போது இல்லை. பெரியவருக்கு எழுபத்து மூன்று. அந்த வயலில் மட்டும் இன்னும் நெல் போடுகிறார்.

நவம்பரில் கோயில் குரு வீடு வீடாக வந்து பாராயணம் செய்தபோது நிலைமையைக் கேட்டு, தொகுஜிரோவிடம் தானே ஒரு வார்த்தை சொல்கிறேன் என்றார். அக்கா பதறிப்போய்க் குருவின் கையைப் பிடித்துத் தடுத்தாளாம். குரு சொன்னால் பெரியவரால் மறுக்க முடியாது, மறுக்க முடியாத ஆளிடம் கேட்பது பறிப்பதுதான் என்பது அவள் எண்ணம். அவளே போனாள். அவள் வாழ்க்கையில் ஒருவர் வாசலில் ஒன்றைக் கேட்கப் போய் நின்றது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். டவுனில் வாங்கிய இனிப்புப் பெட்டியைத் துணியில் கட்டி எடுத்துப் போனாள். வழியில் என்னையும் கூப்பிட்டாள்.

பெரியவர் முற்றத்தில் முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்தார். பெட்டியின் அளவைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. இவ்வளவு பெரிய பெட்டியை யாரும் சும்மா கொண்டுவர மாட்டார்கள்.

"அதைப் பிரிக்காத ஹிசாயே. பிரிச்சா நான் சாப்பிடணும். சாப்பிட்டா சரின்னு சொல்லணும்" என்றார்.

அக்கா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். கேட்கவேண்டிய வார்த்தை வாய்வரை வந்து நின்றுவிட்டது. பெரியவரே பேசினார்.

"மண்ணுக்கு நான் அழல. நாலு விரல் மண்ணை வச்சு நான் என்ன, பரலோகத்துக்கா கொண்டுபோகப் போறேன்? ஆனா அந்தக் கட்டைப் பிரிச்சா மறுபடி கட்டணும். அன்னிக்குப் பதினாலு வீட்டு ஆம்பளைங்க. இன்னிக்கு யாரு? கிழவன் நான், முதுகு வளைஞ்ச ரெண்டு பேரு, மிச்சம் பொம்பளைங்க. கட்டாம விட்டா முதல் மழைக்கே உன் கார் மேலதான் விழும். என்னால முடியல ஹிசாயே. மனசு இல்லாம இல்ல, கை இல்ல."

"சரிண்ணே" என்றாள் அக்கா. அவ்வளவுதான். கேட்காமலே பதில் கிடைத்துவிட்டது. இனிப்புப் பெட்டியை வைத்துவிட்டு வர முயன்றாள். அவர் வாங்கவில்லை. திரும்பி வரும் வழியில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து, பெட்டியைப் பிரித்து, ஆளுக்கொன்று தின்றோம். கையும் காலும் ஓய்ந்தவர்கள் இனிப்புத் தின்கிற மாதிரி, ருசி பார்க்காமல் தின்றோம்.

அன்றைக்குத்தான் அக்கா எங்கள் வைக்கோல் கொட்டகையைப் பார்த்தபடியே, புதுக் கார் இங்கே நிற்கலாமா என்று கேட்டாள். ஒரே நாளில் இரண்டாவது தடவையாகக் கேட்கத் துணிகிறாளே என்று எனக்கு ஆச்சரியம். அவள் யோசனை இதுதான். பழைய காருக்குச் சாலையில் ஓடத்தான் அனுமதி கிடையாது. மேலே போகிற பாதை அரசாங்கத்துடையது இல்லை, நாங்கள் எங்கள் வரப்பை வெட்டிப் போட்டது. எண் பலகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் பழைய கார் வாசலிலிருந்து கொட்டகைவரை ஓடும். கொட்டகையில் அண்ணனைப் புதுக் காருக்கு மாற்றிக்கொண்டு டவுனுக்குப் போகலாம்.

அப்படியே நடந்தது. டிசம்பர் கடைசியில் வெள்ளைக் கார் வந்தது. நிஷிமோட்டோ சாலையில் ஆபத்து வராமலிருக்க ஷின்தோ கோயில் காப்பு ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார். எங்கள் கோயில்காரர்கள் காப்பு கட்டுவதில்லை. தூக்கிப்போடவும் மனம் வரவில்லை. அக்கா அதைக் கைக்குட்டையில் சுற்றி முன்பெட்டியில் படுக்கவைத்தாள். புது வருடத்துக்கு வந்த ஷிகெரு இதையெல்லாம் பார்த்தான். அப்பாவை ஒரு காரிலிருந்து இறக்கி இன்னொரு காரில் ஏற்றுவதற்குள் அம்மாவுக்கு மூச்சு வாங்குவதையும் பார்த்தான். "இது எத்தனை நாளைக்கும்மா? ஒருநாள் ஒண்ணு கிளம்பலன்னா?" என்றான். கிளம்பாத ஒருநாள் வந்தால் நீ சொல்கிறபடி செய்கிறேன் என்று அக்கா வாக்குக் கொடுத்தாள். அவன் ஹிரோஷிமாவுக்குப் போய்விட்டான்.

ஊரில் கேலிக்குக் குறைவில்லை. ஆறு வீட்டில் இரண்டு கார் வைத்திருக்கிற ஒரே பணக்காரி என்று கடைசி வீட்டு கிகுனோ பாட்டி சொல்லுவாள். மசுகிச்சி அண்ணனும் சேர்ந்துகொள்வார். பழைய காரில் நடுங்கிக்கொண்டு வந்து, புதுக் காரின் சூட்டில் உட்கார்ந்ததும், "இப்பத்தான் பெரிய மனுஷன் ஆனேன். ரயில் மாறுற மாதிரி கார் மாறுறேன்" என்பார். புதுக் காரின் கதவு மற்றக் கார்களைப் போலத்தான் திறக்கும். அண்ணனின் கால் ஒவ்வொரு முறையும் அதில் இடிக்கும். அக்கா ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்பாள். திரும்பி வரும்போது அவருக்குக் கழுத்தே நிற்காது. அப்போதும் அதே வேலை, ஆனால் எதிர்த்திசையில். அக்காவின் இடுப்பு அந்தக் குளிர்காலத்தில்தான் போயிற்று.

ஜனவரி கடைசியில் பெரும்பனி. வெள்ளிக்கிழமை காலை. பழைய கார் கிளம்பவில்லை. அக்கா வெந்நீர் வைத்து ஊற்றிப் பார்த்தாள். பழைய போர்வையைப் போட்டு மூடிப் பார்த்தாள். இருமிற்றே தவிரப் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரி நேரம் தவறினால் அண்ணனுக்குக் காலும் முகமும் ஊதிவிடும், மூச்சுத் திணறும். மகனுக்குக் கொடுத்த வாக்கும் நினைவுக்கு வந்திருக்கும். அக்கா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாளாம். அண்ணன் உள்ளேயிருந்து, "விடு ஹிசாயே. ஷிகெருக்குப் போன் பண்ணு" என்று சொல்லியிருக்கிறார்.

அப்போது தொகுஜிரோ பெரியவர் பனியில் முழங்கால்வரை புதைந்து ஏறி வந்தார். வாரத்தில் மூன்று நாள் காலையில் அவருடைய கல்லுக்கட்டுக்குக் கீழே அந்தக் காரின் பட்பட் சத்தம் போகும். ஏழு வருடமாக அதைக் கேட்டுத்தான் அவர் எழுந்து அடுப்பு மூட்டுவார். அன்றைக்குச் சத்தம் வரவில்லை. அதனால் வந்தார். முதுகில் விறகு சுமக்கிற மரச்சட்டம்.

"ஏறு மசு" என்றார் அண்ணனிடம்.

"எழுபத்து மூணு வயசுல என்னைச் சுமக்கப் போறியா தொகுண்ணே? வழியில ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் எடுக்கணும்."

"விறகுன்னு நினைச்சுக்கறேன். ஏறு."

அண்ணன் அப்போது எலும்பும் தோலுமாகத்தான் இருந்தார். ஆனாலும் ஆள் ஆள்தானே. சட்டத்தில் முதுகோடு முதுகாக உட்காரவைத்துக் கயிற்றால் கட்டி, அக்கா பின்னாலிருந்து தாங்க, பெரியவர் ஒவ்வொரு அடியாக இறங்கினார். நான் சத்தம் கேட்டு மண்வெட்டியோடு ஓடிப்போய் முன்னால் பனியை ஒதுக்கினேன். அண்ணன் வாயை மூடவில்லை. மெதுவா அண்ணே என்பார், இடப்பக்கம் சாயுது என்பார், கொஞ்ச நேரம் கழித்து, இந்த விறகு ஈரம், எரியாது, திருப்பிக் கொடுத்துடு என்பார். பயத்தில்தான் அப்படிப் பேசினார். எங்களுக்கும் அது தெரியும். கல்லுக்கட்டு வந்ததும் பெரியவர் நின்றார். தன் கட்டின் மேலேயே கையை ஊன்றி, நெற்றியைக் கல்லில் வைத்துக்கொண்டு வெகுநேரம் மூச்சு வாங்கினார். அக்காவின் வாயில் நாமம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு பெரியவர் நிமிர்ந்து மீதிப் பாதையையும் இறங்கினார்.

வெள்ளைக் கார் உடனே கிளம்பியது. ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகப் போனார்கள், ஆனாலும் போய்ச் சேர்ந்தார்கள். பெரியவர் எங்கள் அடுப்படியில் ஒரு கோப்பைச் சூடான தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். வாக்கு என்ன ஆயிற்று என்று சாயங்காலம் அக்காவிடம் கேட்டேன். "கார்தான் கிளம்பல. நாங்க கிளம்பிட்டோமே" என்றாள். அவள் சாமர்த்தியமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

பனி விட்டது. ஏப்ரலில் பாதை செப்பனிடும் நாள். ஆறு வீட்டு ஆட்களும் ஊர்க்கூட்ட வீட்டின் முன்னால் கூடினோம். எல்லோருக்கும் சேர்த்து எத்தனை நல்ல முதுகு என்று எண்ணினால் இரண்டு தேறும். பெரியவர் கடைசியாக வந்தார். தோளில் புதிதாக வெட்டிய பச்சை மூங்கில் கழி. வெள்ளைக் காரை அவரே எங்கள் கொட்டகையில் அளந்து, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு விரல் விட்டு அறுத்திருக்கிறார். யாரும் பார்க்காத நேரத்தில் செய்திருக்க வேண்டும். கொட்டகைக்காரியான எனக்கே தெரியாது.

அக்கா கழியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வேண்டாம் அண்ணே என்று ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு. நான் யோசிச்சுப் பார்த்துட்டேன். உன் புருஷனைச் சுமக்கறதுக்குக் கல்லைச் சுமக்கலாம். கல்லு வாயைத் திறக்காது" என்றார்.

அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். பழைய கழியை என்ன செய்வது என்று கிகுனோ பாட்டி கேட்டாள். அடுப்பில் வைக்காதே, தக்காளிக்கு முட்டுக் கொடுக்க ஆகும் என்றார் பெரியவர்.

அதற்கப்புறம் சிரிக்க நேரமில்லை. மேல் வரிசைக் கல்லிலிருந்து ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். பின்னால் மண்ணைச் சரித்து எடுக்க வேண்டும். பிறகு நாலு விரல் உள்ளே தள்ளி அதே கல்லை அதே வரிசையில் அடுக்க வேண்டும். பதினான்கு வீட்டு ஆண்கள் சில நாளில் செய்கிற வேலை. நாங்கள் முடிந்தபோது கூடுவோம், நாலைந்து கல் நகர்த்துவோம், இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். ஒருநாள் ஒரே ஒரு பெரிய கல்லோடு பொழுது போயிற்று. நடவு வந்தால் நிறுத்த வேண்டும். மழைக்காலம் வருவதற்குள் பிரித்த இடத்தை எப்படியாவது மூடிவிட வேண்டும். பாதி தூரம் ஆகியிருக்கிறது. மீதிப் பாதியை இலையுதிர் காலத்தில் அறுப்பு முடிந்துதான் தொட முடியும்.

அதனால் அக்கா இன்றைக்கும் இரண்டு காரையும் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். பொறிவண்டின் தரையில் இன்னொரு டின் ஏறியிருக்கிறது. திங்கள், புதன், வெள்ளி அந்தப் பட்பட் சத்தம் இறங்கி வரும், எங்கள் கொட்டகையில் நிற்கும், அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குவாள். பெரியவர் தன் கல்லுக்கட்டிலிருந்து அவர்கள் பின்னாலேயே நடந்து வந்திருப்பார். ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் அக்கா, நடுவில் அண்ணன்.

போன திங்கட்கிழமை அண்ணனைப் புதுக் காரில் உட்காரவைத்துக் காலை எடுத்து உள்ளே வைத்தார்கள். வழக்கம்போல் கதவில் கால் இடித்தது. அண்ணன் கண்ணாடி வழியாக மேலே, பாதி பிரித்துக் கிடக்கும் கல்லுக்கட்டைப் பார்த்தார்.

"தொகுண்ணே, உன் கட்டு முந்துதா நான் முந்துறேனான்னு பார்க்கலாமா?" என்றார்.

பெரியவர் அண்ணனின் சால்வையை இழுத்துக் கழுத்தை மூடினார்.

"எனக்கொண்ணும் அவசரமில்ல. ரெண்டும் மெதுவாவே போகட்டும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.